பறவைகளின் கணக்கை எழுதிய பேரறிஞர் சாலிம் அலி



ஆண்டு மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டுமென நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இவ்வாண்டு பறவையியல் அறிஞர் மர்ஹூம் சாலிம் அலி அவர்களின் வரலாற்றைச் சுருக்கமாக எழுத முனைகின்றோம். அவர்கள் மார்க்க அறிஞர் அல்லர். அவ்வாறு காட்ட நாம் முயலவும் மாட்டோம். எனினும் ஒரு துறையைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய அமானிதமாக ஏற்று, கண்ணால் கண்டதை மட்டுமே எழுதி, தொண்ணூறு வயது வரை உழைத்த ஒருவரின் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். குறிப்பாக, தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது, கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று மனமுடைந்து நிற்கும் இளைஞர்களும், அவர்களைக் கடிந்துகொள்ளும் பெற்றோர்களும் இதனைப் படிக்க வேண்டுகின்றோம்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் அலி அவர்கள் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் சுலைமானி போஹ்ரா குடும்பம் ஒன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார்கள். ஒரு வயதில் தந்தையார் முயிஸுத்தீன் அவர்களையும், மூன்று வயதில் தாயார் ஸீனத்துன்னிஸா அவர்களையும் இழந்தார்கள். யத்தீமாகிவிட்ட அப்பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவர்களும், பிள்ளைப்பேறு இல்லாத அவர்தம் துணைவியார் ஹமீதா பேகம் அவர்களும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தையப்ஜி அவர்களும் இவர்களுக்கு மாமா முறையினரே. தாய் தந்தையற்ற ஒரு குழந்தையைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்ட அந்தத் தம்பதியர், தாம் வளர்ப்பது யாரென்று அப்போது அறிந்திருக்க வழியில்லை. யத்தீம் பிள்ளைகளை ஆதரிக்கும் இல்லங்கள் நம் மஹல்லாவிலும் இருப்பதால் இதனை இங்கு எடுத்துரைக்கின்றோம்.

சிறு வயதில் படிப்பில் அவர்கள் முன்னணி மாணவராக விளங்கவில்லை. தலைவலி நோய் அடிக்கடி வாட்டியதால் பள்ளிக்குச் செல்வது தடைப்பட்டது. காற்று மாற்றத்திற்காகச் சிந்து மாகாணத்திலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார்கள். பின்னர்த் திரும்பி வந்து, 1913ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார்கள்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

அக்காலத்து வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் வேட்டையில் மிகுந்த நாட்டம் இருந்தது. மாமா கொடுத்த ஏர் கன் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துவது அன்றைய விளையாட்டு. பறவைகளைக் காக்கப் பிற்காலத்தில் நாடெங்கும் குரல் கொடுத்தவர், இளமையில் பறவைகளைச் சுட்டவரே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர்களும் அதனை மறைத்தவர்கள் அல்லர்.

ஆனால் ஏனைய சிறுவர்களிடம் இல்லாத ஒரு பழக்கம் அவர்களிடம் இருந்தது. கண்டதைக் குறித்து வைக்கும் பழக்கமே அது. பத்து வயதளவில், குதிரை லாயத்துச் சுவரின் பொந்தொன்றில் பெண் சிட்டுக்குருவி ஒன்று அடைகாத்திருக்க, அருகே காவலிருந்த ஆண் குருவியை அவர்கள் சுட்டார்கள். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி வந்து அதே இடத்தில் அமர்ந்தது. அதனையும் சுட்டார்கள், மற்றொன்று வந்தது. இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் அந்த இடம் நிரப்பப்பட்டது. இதனை அவர்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். எழுதியபோது அது ஒரு வேட்டைக்காரச் சிறுவனின் பெருமை மட்டுமே. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் அக்குறிப்பு பறவை ஆர்வலர்களின் இதழ் ஒன்றில் வெளியானபோது, அதன் அறிவியல் மதிப்பு புலப்பட்டது. இணை கிடைக்காமல் காத்திருக்கும் ஆண் பறவைகள் ஒரு பகுதியில் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு அது நேரடிச் சான்றாக அமைந்திருந்தது. அன்றே எழுதி வைக்கப்படாமல் இருந்திருந்தால், எட்டுக் குருவிகள் வீணே மாண்டன என்பதற்கு மேல் அதில் ஒன்றுமிருந்திராது.

பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்கள் சுட்ட குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு காணப்பட்டது. வழக்கமான சிட்டுக்குருவியிலிருந்து அது வேறுபட்டிருந்தது. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டார்கள். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினராக இருந்தமையால், அதன் செயலாளர் மில்லார்ட் என்னும் ஆங்கிலேயருக்குக் கடிதம் கொடுத்துச் சிறுவரை அனுப்பி வைத்தார். தயங்கித் தயங்கிச் சென்ற சிறுவரை மில்லார்ட் அன்போடு வரவேற்று, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகள் நிறைந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். படிப்பதற்குப் புத்தகங்கள் கொடுத்தார். பறவையின் உடலைக் கெடாமல் பாடம் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். சாலிம் அலி அவர்களின் வாழ்க்கைப் பாதை அன்றே அமைந்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தெரிந்தவரிடம் அனுப்பிய மாமாவையும், சிறுவனென்று விரட்டாமல் விளக்கம் சொன்ன மில்லார்டையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

பட்டமும் பதவியும் இல்லாத காலம்

கல்லூரியில் சேர்ந்தும் அவர்கள் படிப்பை முடிக்கவில்லை. பர்மாவிலுள்ள தாவாய்ப் பகுதியில் குடும்பத்தார் நடத்தி வந்த வுல்ஃப்ரம் சுரங்கம் மற்றும் மரத் தொழிலைக் கவனிக்கச் சென்றார்கள். தொழிலைவிட அங்கிருந்த காடுகளும் பறவைகளுமே அவர்களைக் கவர்ந்தன. 1917ஆம் ஆண்டு இந்தியா திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார்கள். அதே வேளையில் புனித சேவியர் கல்லூரியில் அருட்தந்தை பிளாட்டர் அவர்களின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார்கள். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தஹ்மீனா பேகம் அவர்களை மணந்தார்கள்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று காலியானபோது அதற்கு முயன்றார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கைகூடவில்லை. 1926ஆம் ஆண்டில் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருவோர்க்கு விளக்கம் கூறும் பணி மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் கிடைத்தது. இரண்டாண்டு கழிந்ததும், முறையான பயிற்சி இன்றி இத்துறையில் உயர இயலாது என்று உணர்ந்து, 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றார்கள். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவர்களிடம் பயின்றார்கள். பறவைகளின் காலில் வளையமிட்டு அவை செல்லும் வழியைக் கண்டறியும் முறையை ஹெலிகோலாந்து தீவில் நேரில் கண்டார்கள். ஸ்ட்ரெஸ்மான் அவர்களைத் தம் உஸ்தாதாகவே இறுதிவரை மதித்தார்கள்.

1930இல் தாயகம் திரும்பியபோது பேரிடி காத்திருந்தது. நிதி இல்லை என்று கூறி அருங்காட்சியகப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. முப்பத்து மூன்று வயது, மணமானவர், உலகப் புகழ் பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர், ஆயினும் கையில் வேலை இல்லை. இத்தகைய நிலையில் நம்முள் பலர் கற்ற கல்வியையே நொந்துகொள்வோம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை.

தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு

வேலையிழந்த அவர்கள், பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் துணைவியாருடன் குடியேறினார்கள். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுவதும் அவற்றை அவர்கள் மறைந்திருந்து உற்று நோக்கினார்கள்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டும் குடும்ப வீடு என்றே பலரும் எண்ணி வந்தனர். உண்மை வேறு என்பதை அவர்கள் நாள்தோறும் குறித்து வைத்த குறிப்புகள் காட்டின. ஆண் குருவி மட்டுமே கூட்டைப் பின்னுகின்றது. பாதி முடிந்த நிலையில் பெண் குருவிகள் கூட்டமாக வந்து கூடுகளைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண் குருவி ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் குருவி அதன் எஞ்சிய பகுதியையும், நீண்ட வாயிலையும் முடிக்கின்றது. அப்பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கின்றது. பெண் குருவிகள் ஏற்காத கூடுகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன. 1931ஆம் ஆண்டில் பம்பாய்க் கழகத்தின் ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை, உலகப் பறவையியலாளர்களிடையே அவர்களுக்கு முதற்பெயரை ஈட்டித் தந்தது. சம்பளம் தரும் அலுவலகம் ஒன்று கிடைத்திருந்தால் அவ்வளவு நாட்கள் அம்மரத்தடியில் அமர்ந்திருக்க முடியுமா என்பது சிந்திக்கத்தக்கது.

பிழையைத் திருத்திய துணிவு

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவசியம் குறிப்பிட வேண்டும். துடுப்புவால் கரிச்சான் என்னும் பறவையின் வாலில் இரு நீண்ட இறகுகள் உண்டு. அவற்றின் நுனியிலுள்ள துடுப்பு போன்ற பகுதி, இறகுத் தண்டின் உட்பக்கம் இல்லாமல் ஒரு பக்கம் மட்டுமே அமைந்தது என்று ஹியூ விஸ்லர் என்னும் ஆங்கிலேய நிபுணர் 1929இல் எழுதியிருந்தார். பழைய நூல்களிலும் அவ்வாறே இருந்தது. சாலிம் அலி அவர்கள் அதனை மறுத்து, இறகுத் தண்டு நுனியில் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்காததால் ஏற்பட்ட பிழை அது என்றும், ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்கு அப்பிழை தொடர்ந்து வந்திருக்கின்றது என்றும் சுட்டிக்காட்டினார்கள். கிதாபுகளை ஓதியோர்க்கு இது புரியும். முந்தைய ஏட்டின் பிழையைப் பிந்தைய ஏடு சுமந்து வருவது எத்துறையிலும் உண்டு.

பெயர் தெரியாத இந்தியர் ஒருவர் தம்மிடம் குறை காண்பதா என்று விஸ்லர் முதலில் சினங்கொண்டு, இதழாசிரியர்களுக்குக் கடுமையாக எழுதினார். பின்னர்த் தம்மிடமிருந்த பறவை உடல்களை எடுத்து மீண்டும் பார்த்தபோது, பிழை தம்முடையதே என்று கண்டார். அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதன் பின்னர் இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். சுட்டிக்காட்டியவரின் துணிவும், ஒப்புக்கொண்டவரின் பெருந்தன்மையும் ஒருங்கே அமைந்ததால் ஓர் உண்மை நிலைபெற்றது.

சமஸ்தானங்களில் பறவைக் கணக்கு

அக்காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதிகளில் எந்தப் பறவை எங்கே வாழ்கின்றது என்ற முறையான கணக்கே இல்லை. கணக்கில்லாமல் குறைவையோ பெருக்கத்தையோ அறிய இயலாது. எனவே சாலிம் அலி அவர்கள் சுதேச சமஸ்தானங்களை அணுகி, பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் தந்தால் போதும், தமக்கு ஊதியம் வேண்டாம், தம் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகின்றேன் என்று முன்வந்தார்கள். ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் தொடங்கிய அப்பணி, 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கும், பின்னர்ப் பல பகுதிகளுக்கும் விரிந்தது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடு மேடெல்லாம் சுற்றி, கூடாரங்களில் தங்கி, கண்ட பறவை, இடம், நாள், உயரம், உணவு, இனப்பெருக்கக் காலம் ஆகிய அனைத்தையும் பதிவு செய்தார்கள். இந்தப் பயணங்களில் தஹ்மீனா பேகம் அவர்களும் உடன் சென்று முகாம் வாழ்க்கையின் இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கணவரின் ஆங்கில நடையைச் செப்பம் செய்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காடு காட்டுப்பகுதியின் பறவை வளத்தை உலகறியச் செய்ததும் இந்தக் கணக்கெடுப்பே. 1983ஆம் ஆண்டில் கேரள அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக்கியபோது அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டியது. குமாவோன் மலையடிவாரத்தில், பல ஆண்டுகளாக யாரும் காணாதிருந்த ஒருவகைத் தூக்கணாங்குருவியை மீண்டும் கண்டறிந்ததும், கட்ச் ரண் உப்புவெளியில் லட்சக்கணக்கான பூநாரைகள் கூடுகட்டி வாழ்வதைப் பதிவு செய்ததும் அவர்களின் களப்பணியின் விளைவுகளே.

துயரமும் தொடர்ந்த பணியும்

1939ஆம் ஆண்டில், சிறியதோர் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து தஹ்மீனா பேகம் அவர்கள் வஃபாத்தானார்கள். இருபதாண்டு இல்லற வாழ்வின் துணையை இழந்த துயரம் அவர்களை நிலைகுலையச் செய்தது. பின்னர்த் தம் சகோதரியின் வீட்டில் வாழ்ந்தார்கள். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகள் பற்றிய அவர்களின் நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களும் எளிய விளக்கமும் கொண்ட அந்நூல் பலமுறை மறுபதிப்பாயிற்று. துப்பாக்கியைத் தோளில் மாட்டிப் பறவைகளைத் தேடியவர்கள், தொலைநோக்கியை எடுத்துக்கொள்ள அந்நூல் பெருங்காரணமாயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நிதியின்றித் தடுமாறியது. 1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தைக் காப்பாற்றப் பிரதமர் நேருவுக்கு எழுதி நிதியுதவி பெற்றுத் தந்தார்கள். மோட்டார் சைக்கிளில் அவர்களுக்கு இருந்த பிரியமும் பலர் அறிந்தது. 1950ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டிற்குத் தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பாவெங்கும் அதிலேயே சுற்றி, மாநாட்டு வாயிலில் போய் இறங்கினார்கள். இந்தியாவிலிருந்தே அதில் வந்துவிட்டார் என்று அங்கு பேச்சு பரவியதாம்! அப்போது அவர்களுக்கு வயது ஐம்பத்து மூன்று.

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளி அவர்களுடன் இணைந்து எழுதிய, இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வெளிவந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் அமரும் வயதில் தொடர்ந்து பத்துத் தொகுதிகள் என்றால், அவ்வுழைப்பை என்னென்று சொல்வது!

கோடியக்கரையில் வளையமிடும் பணி

1957ஆம் ஆண்டில் மைசூர் மாநிலத்து ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதர்களும் கடும் காய்ச்சலுக்கு ஆளாயினர். அக்கிருமி ரஷ்ய நாட்டில் உண்ணிகளால் பரவும் ஒரு நோய்க் கிருமியை ஒத்திருந்தது. ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளோடு இந்நோயையும் சுமந்து வந்திருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராய உலக சுகாதார நிறுவனம் நிதியளிக்க, சாலிம் அலி அவர்களின் தலைமையில் பறவைகளுக்கு வளையமிடும் பெரும்பணி தொடங்கியது.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய வலையில் பறவையைக் காயமின்றிப் பிடித்து, எடையும் அளவும் குறித்து, எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலில் மாட்டி, உடனே பறக்கவிட வேண்டும். அப்பறவை பின்னர் எங்கேனும் பிடிபட்டால் அல்லது இறந்து கிடந்தால், வளையத்திலுள்ள எண்ணைக் கொண்டு அது சென்ற தூரமும் காலமும் அறியப்படும். இவ்வாறு வளையமிடப்பட்ட முக்கிய இடங்களுள் நம் தமிழ்நாட்டின் கோடியக்கரையும் ஒன்று. இந்தியாவில் வளையமிடப்பட்ட பறவைகள் பல அன்றைய சோவியத் நாட்டிற்குள் வெகுதொலைவில் மீண்டும் கிடைத்தன. நோயைப் பறவைகளே கொண்டு வந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைத்ததாக எவரும் எழுதவில்லை. ஆனால் பறவைகளின் பயணப் பாதை பற்றி நாடு பெற்ற அறிவு பெரிது. 1967ஆம் ஆண்டில் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பரத்பூர் தந்த பாடம்

ராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலைகள் அரச குடும்பத்தாரின் வேட்டைக்களமாக இருந்தன. 1938ஆம் ஆண்டில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்று அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. விடுதலைக்குப் பின் அந்நீர்நிலைகளை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அரசிடம் வாதாடி அவற்றைக் காத்தவர்களுள் முதன்மையானவர்கள் சாலிம் அலி அவர்கள். 1982ஆம் ஆண்டில் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

இங்கு நாம் ஒரு கசப்பான நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். தேசியப் பூங்காவானதும் மாடு, எருமைகள் மேய்வது தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு மேய்த்து வந்த கிராமத்தார் கொதித்தெழுந்தனர். காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் உயிர்கள் பறிபோயின. மேய்ச்சல் பறவைகளுக்குத் தீங்கு என்று கருதித் தடையை ஆதரித்த அறிஞர்களுள் சாலிம் அலி அவர்களும் ஒருவர்.

அதே காலத்தில் அவர்களின் கழகத்து ஆய்வாளர்கள் பரத்பூரில் நீண்டகால ஆய்வொன்றை நடத்தி வந்தனர். அதன் முடிவுகள் அவர்கள் மறைந்த பின்னரே வெளிவந்தன. மேய்ச்சல் நின்றதும் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மீன்களும் நீர்ப்பறவைகளும் இடமின்றித் தவித்தன. எருமைகள் மேய்ந்ததே அப்புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று அவ்வாய்வு கூறிற்று. தம் தலைவரே கொண்டிருந்த கருத்துக்கு மாறான முடிவை அந்தக் கழகத்தாரே ஆராய்ந்து வெளியிட்டனர். விஸ்லரின் பிழையை அன்று இளைஞராக அவர்கள் திருத்தினார்கள். அவர்களின் பிழையை அவர்கள் வளர்த்த நிறுவனம் திருத்தியது. அறிஞர் ஒருவரின் உண்மையான வாரிசுகள் இவ்வாறே இருப்பர். ஆயினும் இறந்த கிராமத்தாரை எந்த ஆய்வும் திருப்பித் தராது. எளிய மக்களின் வாழ்வாதாரத்தில் கை வைக்கும் முன் முழுமையாக விசாரித்தறிய வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

சிறப்புகளும் மறைவும்

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை அரசு வழங்கியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை கௌரவ டாக்டர் பட்டங்கள் அளித்தன. பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவரைத் தேடிப் பட்டங்கள் வந்தன. பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் 1967இல் தன் பதக்கத்தை அளித்தது. பால் கெட்டி விருதாகக் கிடைத்த பெருந்தொகையை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியமாக ஆக்கினார்கள். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணைகட்டும் திட்டத்தை எதிர்த்தும் குரல் கொடுத்தார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் தம் தன்வரலாற்றை வெளியிட்டார்கள். 1987ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொண்ணூறாவது வயதில் பம்பாயில் வஃபாத்தானார்கள்.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர்கள் பெயரால் பறவையியல் மையம் 1990இல் நிறுவப்பட்டது. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தன் சூழலியல் பிரிவுக்கு அவர்கள் பெயரைச் சூட்டியது. நம் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று தனி இனமென 1972இல் அறியப்பட்டபோது, அதற்கும் அவர்கள் பெயரே இடப்பட்டது.

கணக்கெடுப்பின் பயன்

பறவைகளை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக ஒன்றை மட்டும் கூறுவோம். செத்த கால்நடைகளைத் தின்று ஊரைத் தூய்மை செய்யும் பாறுக் கழுகுகள் ஒரு காலத்தில் நாடெங்கும் நிறைந்திருந்தன. 1990களில் அவை திடீரெனக் குறையத் தொடங்கின. பரத்பூரில் முன்பே அவற்றின் கூடுகளை எண்ணி வைத்திருந்தமையால்தான் பம்பாய்க் கழகத்து ஆய்வாளர்களால் அந்தச் சரிவை உறுதியாகச் சொல்ல முடிந்தது. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டன. மாடுகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மருந்து ஏறிய மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு இறப்பு நேர்ந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தர இந்திய அரசு தடை விதித்தது. அதே போன்று கேடு செய்யும் வேறு இரு மருந்துகளுக்கு 2023இல் தடை வந்தது. தென்னாட்டில் எஞ்சிய பாறுகள் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. ஆனால் சைபீரியாவிலிருந்து பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த வெண்கொக்குகளைக் காப்பாற்ற முடியவில்லை. 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற்குப் பின் அவை அங்கு வரவேயில்லை.

ஜமாஅத்தார்களுக்கு நம் வேண்டுகோள்

மாடு வளர்க்கும் சகோதரர்கள் கால்நடை மருத்துவரைக் கேளாமல் கடையில் கிடைக்கும் வலி மருந்தை ஊசி போட வேண்டாம். கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. கவண் எடுத்துத் திரியும் சிறுவர்களிடம் அதைப் பிடுங்கிக்கொள்வதோடு நின்றுவிடாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள். தம் தெருவில் காணும் பறவையின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை எதற்கும் உதவாதவன் என்று சபையில் சொல்லாதீர்கள். அவன் மனம் எதில் ஊன்றுகின்றது என்று கவனியுங்கள். இவ்வளவையும் செய்ய ஜமாஅத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் தேவையில்லை.

அறிவை உண்மையோடு தேடும் பிள்ளைகளை அல்லாஹ் நம் மஹல்லாவிலும் உருவாக்கித் தருவானாக! ஆமீன்.